அச்சு உயர்வதில்லை

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவனுக்குப் பழைய பிக்கப் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் பூட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். கடந்த மே விடுமுறையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் என் தம்பி வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கியிருந்தேன். அவன் 1984-ஆம் ஆண்டின் டொயோட்டா பிக்கப் ஒன்றை வாங்கி, மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக வாரயிறுதி தோறும் அதை உயர்த்தும் வேலையில் இறங்கியிருந்தான். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் எடுபிடி வேலை எனக்கு. வண்டிக்கடியில் கிடந்தபடி அவன் சொன்னவையும், அதன் பின் நான் யோசித்தவையும் இக்கட்டுரைக்குக் காரணம்.

டொயோட்டா நிறுவனம் நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப்பை அமெரிக்காவில் 1979-இல் அறிமுகம் செய்தது. 1985 வரை வந்த வண்டிகளில், மாட்டுவண்டியில் இருப்பதைப் போலவே, முன்பக்கத்திலும் இடவலமாக ஒரே அச்சு. இருபுறமும் லீஃப் ஸ்பிரிங். 1986 முதல் முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பு வந்துவிட்டது. உயர்த்துவதற்கு எளிது என்பதாலேயே பழைய வண்டிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். கூடுதல் வளைவுள்ள ஸ்பிரிங்கைப் பொருத்தினால் வண்டி மூன்று நான்கு அங்குலம் எழுந்து நிற்கும்.

வண்டியை உயர்த்தினால் அடியில் கல் இடிக்காது, அதற்காகத்தான் உயர்த்துகிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். தம்பி சிரித்தான். "அண்ணே, ஸ்பிரிங் அச்சு மேல உட்கார்ந்திருக்கு. அதை உயர்த்தினா அதுக்கு மேல இருக்கிறதுதான் உயரும். அச்சு அங்கேயேதான் இருக்கும்" என்றான். யோசித்துப் பார்த்தால் எத்தனை எளிய உண்மை! பாறையில் முதலில் மோதுவது அச்சின் நடுவே பானை போல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல். அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும். அதிலும் பாதிக்கணக்குதான். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குல டயர் போட்டால் விட்டம் 5 அங்குலம் கூடும். அச்சு உயர்வதோ இரண்டரை அங்குலம். வண்டியின் வயிற்றுக்கும் முகப்புக்கும் கிடைக்கும் இடைவெளி உபரி லாபம். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் வேண்டும் என்பதே உயர்த்துவதன் முதற்காரணம். நிலம் டயரைக் கேட்கிறது. டயர் உயரத்தைக் கேட்கிறது. முறை இதுதான்.

உயர்த்தியதோடு வேலை முடிவதுமில்லை. வெண்பாவில் ஒரு சீரை மாற்றினால் தளை தட்டும். அதைச் சரிசெய்ய அடுத்த சீரை மாற்ற வேண்டிவரும். இங்கும் அதே கதை. வண்டி உயர்ந்தால் பின்னச்சுக்குச் செல்லும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி அதிர்வு தோன்றும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும். ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பி சரிந்து நிற்பதால், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகவே சற்றுத் திரும்பும். டயர் பெரிதானால் இஞ்சின் திணறும்; பல் விகிதம் 4.10 ஆக இருந்த டிஃபரன்ஷியலைத் தம்பி 4.88-க்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாமல் ஓட்டினால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். முள் 60 மைல் காட்டும்போது வண்டி 70 மைலில் போய்க்கொண்டிருக்கும். கனமான சக்கரத்தை நிறுத்தப் பழைய பிரேக் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடையின் மையம் மேலே ஏறுவதால் திருப்பத்தில் கவிழும் அபாயம் கூடுகிறது.

இவ்வளவு தொல்லையும் தகும் என்று சொல்லத்தக்க நாடு ஒன்று உண்டு. ஐஸ்லாந்தின் பனிப்பாறைகளின் மேல் சாதாரண வண்டி புதைந்துவிடும். அங்கே பிக்கப்புகளுக்கு 38 முதல் 44 அங்குலம் வரையிலான டயர்களைப் பூட்டி, காற்றழுத்தத்தை மூன்று நான்கு பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிடுகிறார்கள். டயர் சப்பையாகப் பரந்து, ஒட்டகத்தின் பாதத்தைப் போலப் பனிமேல் மிதக்கிறது. 1990-இல் அங்கே தொடங்கப்பட்ட ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் மாற்றியமைத்த ஹைலக்ஸ் வண்டிதான், 2007-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழு ஒன்றை, காந்த வடதுருவம் 1996-இல் இருந்த இடம்வரை கொண்டு சேர்த்தது. மாற்றிய வண்டியைச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவு செய்துகொள்ளும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. அங்கே உயரம் நிலத்துக்கு அளிக்கப்பட்ட விடை.

கேள்வியே இல்லாத இடத்தில் விடை மட்டும் வந்து நின்றால் என்ன ஆகும்? அமெரிக்கத் தார்ச்சாலைகளில் பார்க்கலாம். மண்ணே படாத டயர்களோடு, கடைக்குப் பால் வாங்கப் போகும் உயரமான வண்டிகள். முகப்பை மட்டும் தூக்கிப் பின்புறத்தைத் தாழ்த்தும் விநோதமும் பரவி, 2021-இல் வட கரோலினாவும் 2023-இல் தென் கரோலினாவும் அதைத் தடைசெய்தன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானெட்டின் உயரம் 40 அங்குலத்துக்கு மேலுள்ள வண்டிகள் பாதசாரிகள் மீது மோதும்போது, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ ஆன சரிந்த முகப்புள்ளவற்றைக் காட்டிலும், உயிர்ச்சேதம் நேர ஏறத்தாழ 45 விழுக்காடு அதிக வாய்ப்புண்டு என்கிறது அது. இவை தொழிற்சாலையிலிருந்து வரும் உயரங்கள். அவற்றின் மேல் இன்னும் ஆறு அங்குலம் சேர்ப்பதைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் புள்ளிவிவரத்தை நான் படித்தது பிறகுதான். அதற்கு முன்பே வேறொன்று நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெரிய புதிய பிக்கப்பை உயர்த்தி வைத்திருந்தார். ஒரு ஞாயிறு மதியம் என்னை அதில் ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். சிங்காதனம் போல இருந்தது. தெருவே காலடியில் கிடந்தது. அப்போது "பெரியப்பா, சாப்பிட வாங்க" என்று தம்பியின் ஆறு வயது மகளின் குரல் கேட்டது. இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன், குழந்தையைக் காணவில்லை. இறங்கி வந்தால், வண்டியின் முன் பம்பரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள். வண்டி ஓடவில்லை, சாவிகூட என்னிடம் இல்லை. ஆயினும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியும் அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

நம் நாட்டில் வண்டியை இப்படி மாற்றச் சட்டம் இடம் தருவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது. எனக்கு இவ்விரண்டையும்விட ஐஸ்லாந்தின் வழியே ஏற்புடையதாகப் படுகிறது. தன் கையால் ஒரு பழைய எந்திரத்தைப் பிரித்துப் பூட்டிக் கற்கும் இன்பத்தை மனிதனிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. மாற்றியதை ஒருவர் சோதித்துப் பார்க்கட்டும். அதற்குப் பின் சாலைக்கு வரட்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு குழந்தையின் தலை தெரிகிறதா என்பதும் அச்சோதனையில் இடம்பெறட்டும்.

தம்பி 35 அங்குல டயர்தான் வாங்குவதாக இருந்தான். அந்த வாரம் எதுவும் பேசாமல் 33 அங்குலத்துக்கும் அதற்குப் போதுமான உயரத்துக்கும் கணக்கைத் திருத்தினான். அவன் போகும் மலைப்பாதைக்கு அது போதும். அச்சுக்கு இதனால் நேர்ந்த நட்டம் ஒரே ஓர் அங்குலம்.