வண்டும் டிரோனும்: தொழில்நுட்பம் யார் கையில்?

இது தகவல் தொழில்நுட்ப நூற்றாண்டு என்று நாம் மேடைதோறும் முழங்கி வருகிறோம். செயற்கை நுண்ணறிவு, டிரோன், மின்பணப்பை, இணைய வணிகம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதுச்சொல் வந்து சேர்கிறது. விரிவுரை மண்டபத்தில் இச்சொற்களைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவு சைபர்ஜெயாவுக்குப் போவதில்லை. கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்கும், அங்கே லயத்து வீட்டில் பாதி வாழ்நாளைக் கழித்த என் பாட்டியிடமும்தான் போகிறது. தொழில்நுட்பம் என்ற சொல்லையே கேள்விப்படாமல், தொழில்நுட்பத்தால் வேலை இழந்தவர் அவர்.

கோலசிலாங்கூருக்குப் புதிய தொழில்நுட்பம் புதிதன்று. இன்று உலகமே பேசும் செம்பனைத் தொழில், நம் நாட்டில் வணிக முறையில் வேர்விட்டது இம்மண்ணில்தான். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே, சுமத்ராவிலிருந்து வந்த விதைகளைக் கொண்டு, 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிவிட்டது. நாட்டின் முதல் செம்பனை வணிகத் தோட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ் இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலின் இலாபக் கணக்கில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்பதே என் கேள்வி.

செயற்கை ரப்பரின் போட்டியால் இயற்கை ரப்பரின் விலை சரிந்தபோது, 1960களிலிருந்து பால்மரங்கள் வேகமாகச் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பால்மரத்துக்கு வேண்டிய ஆட்களைவிடச் செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயற்கை ரப்பர், ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பிரட்டுக்கு நின்ற வரிசையைச் சுருக்கியது.

அப்போதும் பெண்களுக்கு ஒரு வேலை மிஞ்சியிருந்தது. செம்பனையின் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிக் குலைகளில் பூப்பவை. இங்கே இயற்கையாக மகரந்தம் சரிவரச் சேராததால், ஆண்பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, பவுடரோடு கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பூவின்மேல் கையால் ஊதவேண்டும். என் பாட்டி செய்தது அந்த வேலைதான். முள் கிழிக்கும், பாம்பு கிடக்கும், தூசி கண்ணை உறுத்தும். ஆனாலும் அது நாள் தவறாத சம்பளம்.

1981இல் அந்த வேலைக்கு முடிவு வந்தது. பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் என்பவரின் ஆய்வின் பயனாக, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டு கொண்டுவரப்பட்டு, நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் விடப்பட்டது. மகரந்தம் சேர்க்கும் வேலையை அந்த வண்டு மனிதரைவிடச் சிறப்பாகவும் சம்பளம் இல்லாமலும் செய்தது. குலைகள் பருத்தன, விளைச்சல் உயர்ந்தது. நாட்டின் வேளாண்மை வரலாற்றில் மாபெரும் வெற்றிகளுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை.

இதையே பாட்டி ஒரே வரியில் சொல்வார்: "வண்டு வந்திச்சு, வேல போச்சி."

நண்பர்களே, அந்த வண்டைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. முள்ளில் கிழிபடும் வேலை ஒழிந்தது நல்லதே. ஆனால் வேலையை இழந்த பெண்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று யார் சிந்தித்தார்கள்? பாட்டியும் அவருடைய தோழிகள் பலரும் களைக்கொல்லி அடிக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். முதுகில் தோம்பு, முகத்தில் ஒரு துண்டுத் துணி. தோட்டங்களில் அன்று பரவலாகப் பயன்பட்ட பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சு, நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020 சனவரியில்தான். பாட்டியின் விரல் நகங்கள் இன்றும் அந்தக் கதையைச் சொல்லும்.

இப்போது டிரோன் வந்திருக்கிறது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களில் மருந்து தெளிப்பதற்கு டிரோன் பறப்பதை இன்று சாலையில் போகும்போதே பார்க்கலாம். செம்பனைத் தோட்டங்களிலும் மரங்களை எண்ணவும், நோயைக் கண்டறியவும், மருந்து தெளிக்கவும் அது வந்துவிட்டது. குலை வெட்டுவதற்கு இயந்திரக் கத்திகள் வந்துள்ளன. 2020இல் கோவிட் பெருந்தொற்றால் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றபோது குலைகள் மரத்திலேயே அழுகியதைக் கண்ட நிறுவனங்கள், இயந்திரமயத்தை இனித் தள்ளிப்போட முடியாது என்று உணர்ந்துவிட்டன. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததும் அந்த வேகத்தைக் கூட்டும்.

டிரோன் வரட்டும். நஞ்சுத் தோம்பை ஒரு பெண்ணின் முதுகிலிருந்து இறக்கி வைக்கும் எந்த இயந்திரத்தையும் நான் கைகூப்பி வரவேற்பேன். என் கேள்வி வேறு: அந்த டிரோனை இயக்கப் போவது யார்? அதை வாங்கி, பழுதுபார்த்து, தோட்டங்களோடு ஒப்பந்தம் பேசிப் பணம் ஈட்டப் போவது யார்? வண்டை யாரும் இயக்கத் தேவையில்லை. அதனால் அன்று நம்மவருக்கு அதில் இடமில்லை. டிரோனுக்கு ஆள் வேண்டும். மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பட்டம் தேவையில்லை, எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தாமானில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிற்கும் நம் தம்பிகளால் இதைக் கற்க முடியும்.

"தோட்டத்தை விட்டு வெளியேறத்தானே நாம் படித்தோம்? மறுபடியும் ஏன் தோட்டப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் வெளியேறிவிட்டோமே தவிர, எல்லாரும் வெளியேறவில்லை. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடியதை நாம் அறிவோம். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பதே அவர்கள் கற்ற பாடம். 1990களில் மின்னியல் யுகத்தின் அரசாங்க நகராகப் புத்ராஜெயா எழுந்தபோது, அது எழுந்ததும் பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் மேல்தான். நம்மவர் குடியிருந்த நிலம் புதிய யுகத்துக்குப் பயன்பட்டது. அந்த யுகத்தின் வேலைகளுக்கு நம்மவரை ஆயத்தப்படுத்த யாரும் வரவில்லை.

இதற்கு நம் முன்னோர் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அன்று பிழைப்பின் ஆதாரம் நிலம். அதனால் நிலத்தை வாங்கினார்கள். இன்று ஆதாரம் இயந்திரமும் அதை இயக்கும் அறிவும். பத்து இளைஞர்கள் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஒரு டிரோனை வாங்கி, சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்கும் நெல் விவசாயிகளுக்கும் சேவை வழங்க முடியாதா? பால்வெட்டிய கைகளால் ஒரு தோட்டத்தையே வாங்க முடிந்தபோது, படித்த நம்மால் ஓர் இயந்திரத்தை வாங்க முடியாதா?

வேலை மட்டுமன்று, அன்றாட வாழ்வும் மாறிவிட்டது. பெஸ்தாரி ஜெயா மளிகைக் கடையிலும் இன்று கியூஆர் அட்டை தொங்குகிறது. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்கும் அக்காள்மார் புலனத்தில்தான் கட்டளை எடுக்கிறார்கள். ஆனால் எவ்வளவு போட்டோம், எவ்வளவு வந்தது என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. கணக்கு இல்லாததால் கடனுதவிக்கு மனுச்செய்ய வழியில்லை. மறுபக்கம், கடந்த ஆண்டு அரசாங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் என் பாட்டியைக் கைப்பேசியில் அழைத்து, அவருடைய சேமிப்பை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லி மிரட்டினான். அத்தை வீட்டில் இருந்ததால் பணம் தப்பியது. மோசடி நடந்தால் உடனே 997 என்ற எண்ணை அழைக்கலாம் என்று எண்பது வயதை நெருங்கும் பாட்டிக்கு யார் சொல்லியிருந்தார்கள்? அவர் பேரனாகிய நானே சொல்லவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இங்கேதான் நம்மைப் போன்ற தமிழ்ச் சங்கங்களின் கடமை வருகிறது. தோட்டப்புறத்துக்குப் பேருந்தில் போய், ஒரு நாள் பட்டறை நடத்தி, பதாகையோடு படம் எடுத்துத் திரும்புவதை நாம் சேவை என்கிறோம். நானும் அப்படிப் போய் வந்தவன்தான். ஒரு நாளில் எதுவும் ஒட்டாது. ஒரே தாமானைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு முழுவதும் மாதம் ஒருமுறை போவோம். கணக்கியல் மாணவர் முறுக்கு விற்கும் அக்காளுக்கு வரவு செலவு எழுதக் கற்றுத்தரட்டும். பொறியியல் மாணவர் தம்பிகளை டிரோன் பயிற்சிக்குச் சேர்த்துவிடட்டும். முன்னாள் மாணவர்கள் பயிற்சிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளட்டும். ஆண்டுவிழா மண்டப அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்தாலே சில தம்பிகளுக்காவது வழி பிறக்கும்.

இவை அனைத்தும் தமிழில் நடக்கவேண்டும். கணினியில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரான, 'முரசு அஞ்சல்' தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001இல் தமிழ் இணைய மாநாட்டை நடத்திய நகரம் கோலாலம்பூர். தமிழைத் தொழில்நுட்பத்துக்குள் கொண்டுபோனவர்கள் நாம். தொழில்நுட்பத்தைத் தமிழில் நம் மக்களிடம் கொண்டுபோவதில்தான் பின்தங்கிவிட்டோம்.

அண்மையில் செகிஞ்சான் வயலில் பறந்த டிரோனைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பாட்டியிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவும் வண்டுதானா?" என்று கேட்டார். "ஆமாம் பாட்டி, ஆனா இத ஓட்ட ஆள் வேணும்" என்றேன். "அப்ப நம்ம புள்ளைங்க யாராவது ஓட்டுறாங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அடுத்த ஆண்டு மலரில் நம்முள் எவரேனும் அதற்கு விடை எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.