வீதிக்கே ஏசி போடும் நமது கடைகள்



அஸர் நேரம் நமது மெயின் வீதியால் ஒருமுறை நடந்து பாருங்கள். மேற்குப் பார்த்த கடைகளெல்லாம் மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. வெயில் நேரே உள்ளே அடிக்கிறது. அதைக் குளிராக்க நாலு ஏசி ஓடுகிறது. கதவோ அகலத் திறந்து கிடக்கிறது. வீதிக்கே ஏசி போடும் அளவுக்கு நாம் பணக்காரர்களாகி விட்டோமா?

இதே கடைகளுக்கு முன்னால் ஒரு காலம் தாழ்வாரம் இருந்தது. உயரத்தில் ஓடு, சுவரில் காற்றுத் துவாரம். 'மொடர்ன்' ஆக்குகிறோம் என்று எல்லாவற்றையும் உடைத்து அலுமினியப் பலகை அடித்தோம். 2022இல் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது அந்தக் கடைகளில் திறக்க ஒரு ஜன்னல் இல்லை. வாசலில் கதிரை போட்டு வியர்த்துக் கொண்டிருந்த முதலாளிமாரை நாம் பார்த்தோமே! அந்த ஓகஸ்டில் மின் கட்டணம் 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பிறகு கொஞ்சம் குறைத்தார்கள், நாமும் மறந்துவிட்டோம்.

கேட்டால் "சோலார் போடுவோம்" என்கிறார்கள். நல்லது, போடுங்கள். ஆனால் ஓட்டை வாளிக்கு இன்னொரு குழாய் தேட வேண்டாம். முதலில் மேற்குப் பக்கம் வெளியே நிழல் வேண்டும். உள்ளே திரை போட்டால் பிரயோசனம் குறைவு, வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்தாயிற்று. கொங்கிறீட் தட்டுக்கு வெள்ளைப் பூச்சு, கதவுக்கு ஒரு ஸ்பிரிங். ஏசியை 18இல் வைக்காமல் 26இல் வைத்து மேலே மின்விசிறி போடலாம். ஒரு பாகை கூட்டினாலே ஏறக்குறைய 6 வீதம் மிச்சம் என்கிறது இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம்.

ஏன் செய்வதில்லை? கட்டடம் ஹாஜியாருடையது, பில் வாடகைக்காரருடையது. பில் கட்டாதவருக்குச் சூடு தெரியாது. வாடகைக்காரரோ அடுத்தவர் கட்டடத்தில் எதற்குக் காசு போடுவது என்கிறார். கடைசியில் அந்தப் பில்லைப் பெருநாள் உடுப்பின் விலையில் சேர்த்துக் கட்டுவது நாம்தான். ஏசி இல்லாத கடைக்குள் கால் வைக்காதவர்களும் நாம்தான், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நுரைச்சோலையில் கப்பல் கப்பலாக நிலக்கரி எரிகிறது. அங்கே அந்தத் தூசியைப் பற்றி முறையிடுவோரில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 2050இல் காபன் நடுநிலை என்று நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது. இன்று நிற்கும் கடைகளில் பாதிக்கு மேல் அன்றும் நிற்கும்.

வர்த்தக சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். நோன்புக்கு முன்னர் ஒரு கூட்டம் வையுங்கள். நிழலுக்கும் பூச்சுக்கும் ஆகும் செலவில் பாதி கட்டட உரிமையாளருக்கு, பாதி வாடகைக்காரருக்கு என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வர விருப்பமுள்ளவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.