மான் ஹலால், வேட்டை?



சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்ததும், பனியன் கம்பெனிகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள் சிலர் மறுநாள் பவானிசாகர் பக்கம் செல்வதுண்டு. அணையைக் கண்டு, மீன் வறுவல் உண்டு திரும்புவதில் குறையேதுமில்லை. ஆனால் அவர்களுள் சிலர், செல்பேசியில் ஆப்பிரிக்க வேட்டைக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், மான்கறி ஹலால்தானே? பிறகு வேட்டையாடினால் என்ன தவறு?" என்று வினவுகின்றனர்.

மான் ஹலால்தான், அதில் ஐயமில்லை. எனினும் கேள்வி அத்துடன் முடிவதில்லை.

முதலில் அந்தக் காணொளிகள். உகாண்டாவில், விக்டோரியா ஏரியின் சேசே தீவுகளில் சிடடுங்கா எனும் மறிமான் வாழ்கிறது. சதுப்பில் புதையாமல் நடப்பதற்கேற்ற நீண்ட, விரிந்த குளம்புகள் அதற்குண்டு. ஆபத்து நேர்ந்தால் மூக்கு மட்டும் வெளியே தெரிய நீரில் மூழ்கி நிற்கும். நாணற்காட்டில் அதைக் காண்பதே அரிது. அத்தகைய பிராணியைத் தேடிச் செல்வந்தர்கள் கடல் கடந்து செல்வது பெரும்பாலும் பசிக்காக அன்று. அதன் தலையைச் சுவரில் மாட்டுவதற்காக. அரசின் அனுமதி அவர்களிடம் இருக்கலாம். ஆனால் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டை நாயைப் பற்றி வினவியபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கத்தைச் சிந்தியுங்கள். பிடித்ததை நாயே தின்றுவிட்டால் நாம் அதை உண்ணலாகாது. ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கிறது. நாயிடத்திலேயே யாருக்காகப் பிடித்தது என்று பார்க்கும் மார்க்கம், மனிதனின் நிய்யத்தைப் பாராமல் விடுமா?

இனி நம் ஊர். பவானிசாகர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய புல்வெளிகளிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் முறுக்கிய கொம்புடைய வெளிமான்கள் மேய்கின்றன. அடர்காடு அவற்றுக்கு ஒவ்வாது; திறந்த வெளியே அவற்றின் வாழ்விடம். அதனாலேயே எளிதில் கண்ணில் படும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

"அது மனிதர் இயற்றிய சட்டம்தானே?" என்பார் சிலர். அவர்கள் அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தைத் திறந்து பார்க்கட்டும். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஏவும் அதே வசனம், இஹ்ராமில் வேட்டை கூடாதென்பதையும் சொல்கிறது. இந்நாட்டின் குடிமக்களாய் வாழ்வதும் ஓர் உடன்படிக்கையே. மேலும் வேட்டை ஃபர்ளுமன்று, ஸுன்னத்துமன்று, முபாஹ். அதை விடுவதால் தீனில் எதுவும் குறைந்துவிடாது.

உண்ண ஹலாலான பிராணியே இடத்தாலும் காலத்தாலும் வேட்டைக்கு ஹராமாகும் என்பது நமக்குப் புதிதன்று. அதே அத்தியாயத்தின் 94ஆம் வசனம், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளை வரச்செய்து அல்லாஹ் சோதிப்பதைக் கூறுகிறது. மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பதே அந்தச் சோதனை. நள்ளிரவில் வனக்காவலர் இல்லாத இடத்தில், விளக்கொளியில் கண் கூசி நிற்கும் மானின் முன்னே நிற்பவனுக்கும் அதே சோதனைதான். மதீனாவில் மான்கள் மேயக் கண்டால் அவற்றை மிரளச் செய்யவும் மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அறுப்பது இருக்கட்டும், விரட்டக்கூட அவர்கள் மனம் ஒப்பவில்லை.

வேட்டைக்குச் செல்லாதவர்களுக்கும் ஒரு சொல். எவரேனும் பையில் கட்டிக்கொண்டு வந்து "மான்கறி, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தது" என்று நீட்டலாம். இறைச்சியின் ஹுக்மு வேறு, அதை அடைந்த வழியின் ஹுக்மு வேறு. மேலும் வாங்குவதும் வைத்திருப்பதுமே சட்டப்படி குற்றம். வாங்குகிறவர் இருப்பதால்தான் அடுத்த வாரமும் ஒருவன் விளக்கோடு கிளம்புகிறான். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்; பதில் தடுமாறினால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆட்டுக்கறிக் கடை ஞாயிறு காலையில் திறந்தே இருக்கிறது.