ஐ.பி.எல்.: தர்மமா, சூதாட்டமா?

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வாலிபனுக்கும் ஒரு ஆசை உண்டு. ஒரு தடவையாவது சேப்பாக்கம் போய் ஐ.பி.எல். மேட்ச் பார்த்துவிட வேண்டும்! பஸ் சார்ஜை எப்படியும் புரட்டிவிடலாம். டிக்கெட்? அங்கேதான் இடிக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதம். டிக்கெட் ஆயிரம் ரூபாய் என்றால் வரி மட்டும் 400 ரூபாய்! இதே வரிப் பட்டியலில் ஐ.பி.எல்.லுக்குப் பக்கத்தில் நிற்பவை எவை தெரியுமா? சூதாட்ட விடுதியும் குதிரைப் பந்தயமும்!

அதே சேப்பாக்கத்தில் இந்தியா டெஸ்ட் ஆடினால் கதையே வேறு. 500 ரூபாய் வரை டிக்கெட்டுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். மைதானம் ஒன்று. வரி மட்டும் வேறு வேறு!

ஐ.பி.எல். ஆடம்பரம், காசு உள்ளவன் கட்டட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சரி, காசு யாரிடம் இருக்கிறது? 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விலை போனது. ஆட்டத்தை நடத்தும் கிரிக்கெட் வாரியமோ, விளையாட்டை வளர்ப்பது தர்ம காரியம், அதனால் வருமான வரி விலக்கு வேண்டும் என்று வாதாடியது. ஐ.பி.எல். நடத்துவதால் மட்டும் அந்தத் தர்மத் தன்மை போய்விடாது என்று 2021 நவம்பரில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயமும் சொன்னது.

டிக்கெட் வாங்குகிறவனுக்குச் சூதாட்ட வரி. வாரியத்துக்குத் தர்ம காரியப் பட்டம். ஒரே ஆட்டம் எப்படி இரண்டாகவும் இருக்கும்?

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். அதே செப்டம்பரில் பந்து, மட்டை மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. ஆயிரம் ரூபாய் மட்டைக்கு 70 ரூபாய் மிச்சம். ஆனால் மட்டை மட்டும் இருந்து என்ன பயன்? ஆட இடம் வேண்டாமா?

டிக்கெட் வரியில் ஒரு பங்கைக் கடலோர ஊர்களில் மைதானம் போட சர்க்கார் ஒதுக்கட்டும். தர்மம் என்று விலக்குக் கேட்கும் வாரியம், எந்த ஊரில் எத்தனை மைதானம் போட்டது என்று வருஷா வருஷம் கணக்குக் காட்டட்டும். கணக்கு இருந்தால் விலக்கு. இல்லாவிட்டால் வரி!

1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது, ஏழை தலையில் விழுந்த வரியை எதிர்த்துத்தான். இன்று உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அந்த நியாயம் விளையாட்டுக்கும் வரட்டும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும். உப்பை வாருகிறவன் ஏன் குடிக்க வேண்டும்?