பனிக்காலத்தில் கோழிக்குஞ்சு: புரூடரிலிருந்து கொட்டகைக்கு எப்போது மாற்றலாம்?

வேலைக்குப் போய்க்கொண்டே சொந்த ஊரில் நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கும் இளைஞர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'குஞ்சை எத்தனை நாள்ல வெளியே விடலாம்?' பதிலும் பெரும்பாலும் ஒரு எண்ணாகவே வரும். சிலர் 21 நாள் என்பார்கள். சிலர் ஒரு மாதம் என்பார்கள். 'ஆறு வாரம் ஆச்சுன்னா தைரியமா விடுங்க' என்பவர்களும் உண்டு.

மே மாதத்தில் இவற்றில் எதைப் பின்பற்றினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். மார்கழியிலும் தையிலும் அப்படி இல்லை. குளிர் தாங்காத குஞ்சுகள் இரவில் கொட்டகையின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகும். நோய் எதுவும் தேவையில்லை, ஒரே ஒரு இரவு போதும்.

நாள் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது?

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டை வெளியே போகாமல் காப்பது இறகு. பொரித்த குஞ்சின் மேல் இருப்பதோ பஞ்சு போன்ற மென்முடி மட்டும்தான். அதனால்தான் புரூடரில் முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இந்தக் கணக்கில் ஆறாவது வாரம் குஞ்சு பழகியிருப்பது சுமார் 20 டிகிரிக்கு.

ஜனவரி இரவில் சென்னையின் வெப்பநிலையும் ஏறக்குறைய அதுதான். அங்கே ஆறு வாரக் குஞ்சுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ஊட்டியில் அதே இரவு 5 டிகிரியை ஒட்டி இறங்கும், புல்வெளியில் உறைபனி படியும். அதே வயதுக் குஞ்சுக்கு அங்கே ஒரே நாளில் 15 டிகிரி சரிவு. ஆக, பார்க்க வேண்டியது வயதை மட்டுமல்ல. புரூடரின் சூட்டுக்கும் வெளியே இரவு நேரக் குளிருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதுதான் முக்கியம். நன்றாக இறகு மூடிய கோழி குளிரைத் தாங்கும். குஞ்சை வீழ்த்துவது திடீர் மாற்றம்.

தாய்க்கோழி இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதன் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே வெளியே மேயும், குளிரும்போது ஓடிவந்து இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். வெளிக்குளிர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்தப் பழக்கத்தை வளர்ப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

தயாரா என்று எப்படித் தெரியும்?

முதலில் இறகு. முதுகு, மார்பு, கழுத்து எல்லாம் மூடியிருக்க வேண்டும். இறக்கையில் மட்டும் முளைத்திருந்தால் போதாது. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளுக்கும் இறகு ஒரே வேகத்தில் வளராது. எனவே பின்தங்கிய குஞ்சை வைத்து முடிவெடுப்பதே பாதுகாப்பு.

அடுத்தது நடத்தை. பல்பை அணைத்த இரவில் குஞ்சுகள் பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. கூட்டமாக நெருக்கிக்கொண்டு விடாமல் கத்தினால் இன்னும் நாள் ஆகவில்லை என்று பொருள்.

மாற்றும் வாரத்தில் செய்ய வேண்டியவை

முதல் மூன்று நான்கு நாள் வெயில் ஏறிய பிறகு, காலை 10 மணிக்கு மேல் வெளியே விட்டு மாலைக்குள் உள்ளே எடுத்துவிடலாம். பஞ்சாரம் போட்டு மூடிவைத்தால் காக்கை, பருந்து தொல்லையும் இருக்காது. அடுத்த சில இரவுகள் புரூடரிலேயே பல்பை அணைத்துப் பழக்க வேண்டும். அதன் பிறகே கொட்டகை.

குடிமாற்றுவது காலையில் நடக்கட்டும். இருட்டுவதற்குள் இடம் பழகிவிடும். அலுவலகம் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை காலை நல்ல நேரம், இரண்டு இரவு கூடவே இருந்து கவனிக்கலாம். தீவனம், தண்ணீர்ப் பாத்திரம் எதையும் அன்று மாற்றக் கூடாது. தடுப்பூசி போட்ட அன்றே இடமாற்றமும் வேண்டாம். பெரிய கோழிகளோடு உடனே கலக்கவும் கூடாது.

தரையில் காய்ந்த நெல் உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு மூன்று நான்கு அங்குலம் இருக்கட்டும். கூளம் ஈரமானால் குளிரோடு ரத்தக் கழிச்சலும் சேர்ந்து வரும்.

இறுக்கி மூடுவது ஆபத்து

குளிர் என்றதும் கொட்டகை முழுவதையும் தார்பாயால் கட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா உள்ளேயே தங்கி, கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். வாடைக்காற்று வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் குஞ்சின் உயரத்துக்குக் காற்று படாமல் சாக்குப் படுதா கட்டினால் போதும். கூரையை ஒட்டி இடைவெளி கட்டாயம் வேண்டும்.

புரூடரில் எல்.இ.டி. பல்பு போட்டால் வெளிச்சம் வரும், குஞ்சுக்குத் தேவையான சூடு வராது. பழைய குண்டு பல்பு அல்லது அகச்சிவப்பு பல்புதான் உதவும். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுவான கணக்கு. உமியும் சாக்கும் இருக்கும் இடம் என்பதால் பல்பைச் சங்கிலியிலோ கம்பியிலோ உறுதியாகத் தொங்கவிட வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது குஞ்சுக்கும் ஆளுக்கும் ஆபத்து.

ஒரு வாரம் பொறுத்தால் என்ன நஷ்டம்?

50 குஞ்சுக்கு 100 வாட் பல்பு இரவில் 12 மணி நேரம் எரிந்தால், ஒரு வாரத்துக்கு 8.4 யூனிட் மின்சாரம். அவசரப்பட்டால் இழப்பது ஆறு வாரத் தீவனம், தடுப்பூசி, உழைப்பு எல்லாம் போட்டு வளர்த்த குஞ்சுகளை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காத்திருப்பதுதான் லாபம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மார்கழி முடிந்ததும் குளிர் முடிந்துவிடுவதில்லை.

குஞ்சு விற்கும் பண்ணைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்லி அனுப்புவது சரியான ஆலோசனை ஆகாது. 'எத்தனை நாள்?' என்று கேட்டால், 'எந்த ஊரு, ராத்திரி எவ்வளவு குளிரும், முதுகுல இறகு மூடிடுச்சா?' என்று திருப்பிக் கேட்கிறவரிடம் குஞ்சு வாங்குவது நல்லது.