கொடிமலை ரயிலைக் கடற்கரையில் ஓட்டலாமா?

சென்ற தவணையில் நம் கழகக் கலந்துரையாடலில் நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். பினாங்குக் கொடிமலையில் ஓடிய பழைய ரயில் பெட்டியைப் போலவே ஒன்றைச் செய்து, பாடாங் கோத்தா கடற்கரையோரம் தண்டவாளம் போட்டு ஓட்டினால் என்ன? சுற்றுப்பயணிகள் வருவார்கள், முதியவர்களும் மலையேறாமலே பழைய நாட்களை நினைத்து மகிழலாம் என்றார். பலரும் கைதட்டினர். நான் தட்டவில்லை. அன்று சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன்.

அந்த ரயிலில் நான் ஏறியது ஒரே முறைதான். 2010இல் அது நிறுத்தப்படுவதற்குச் சற்று முன்பு, மலையுச்சி முருகன் கோயிலுக்குப் பாட்டி என்னை அழைத்துச் சென்றார். பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அங்கே காத்திருந்தபோது பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து மிட்டாய் தந்தார். காற்று குளிரத் தொடங்கியிருந்தது. உச்சியை அடைய அரை மணி நேரம் ஆனது. எனக்கு நினைவிருப்பது அந்தக் காத்திருப்பும் குளிரும்தான். பெட்டியின் நிறம்கூடச் சரியாக நினைவில்லை.

1923இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. அதன் பெட்டி, சரிவுக்கென்றே படிக்கட்டுப் போல அமைக்கப்பட்டது. மலைச்சரிவில் நிற்கும்போதுதான் இருக்கைகள் சமமாக இருக்கும். சமதரையில் ஓட்டினால் எல்லாரும் சாய்ந்து விழ வேண்டியதுதான்! எஃகுக் கயிற்றின் ஒரு முனையில் இறங்கும் பெட்டியின் பாரம், மறுமுனையில் ஏறும் பெட்டிக்குக் கை கொடுக்கும். மேடு இல்லாத இடத்தில் எது ஏறும், எது இறங்கும்?

ஊட்டி மலை ரயிலும் அப்படித்தான். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு அது ஏறுகிறது. சமவெளியில் அந்தப் பற்சக்கரத்திற்கு வேலையே இல்லை.

கேளிக்கைப் பூங்காக்களின் கதையும் இதுதான். கெந்திங் மலையின் பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட்டது. ரோலர் கோஸ்டர் மூடுபனிக்குள் நுழைந்து வெளிவந்ததைத்தான் என் அண்ணன் இன்றும் பேசுவான். அதே இரும்பைப் பட்டர்வொர்த் வெயிலில் நட்டால் கைப்பிடிதான் சுடும்.

பழையதெல்லாம் திரும்ப வேண்டும் என்பதல்ல என் வாதம். ரயிலுக்கு முன்பு வெள்ளைக்காரர்களைக் கூலியாட்கள் டோலியில் சுமந்து இந்த மலை ஏறினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல யாருக்காவது மனம் வருமா? 2011இல் வந்த புதிய ரயிலில் நடுவில் மாறத் தேவையில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அதுதான் பிடித்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நண்பரின் யோசனையைப் பாட்டியிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"கடக்கரையிலயா? அதுல ஏறுனா கோயிலு வருமா?" என்று கேட்டார்.

முதியவர்களுக்காகத்தான் என்றால், கழகத்திடம் என் வேண்டுகோள் எளிது. விடுமுறைக் கூட்டம் இல்லாத ஒரு வார நாளில் வேன் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். பத்துப் பேரையாவது அடிவார நிலையத்தில் கொண்டுபோய் இறக்குவோம். சக்கர நாற்காலி தள்ள நான் வருகிறேன். பட்டியலில் முதல் பெயராக என் பாட்டியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.