மனக்கவலையும் உடற்காவலும்

நோய்க்குக் காரணம் கிருமி என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஒரே கிருமி இருவரை அடுத்தவிடத்து ஒருவர் படுக்கையில் வீழ, மற்றவர் தம் பணியைத் தொடரக் காண்கின்றோம். இதற்குரிய காரணங்களுள் உடலின் உட்காவலில் உள்ள ஏற்றத்தாழ்வும் ஒன்றாம். அக்காவலை மனக்கவலை அரிக்கின்றது என்பதே நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது.

நம் அண்மையிலுள்ள சானடோரியத்தை 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்க்கென நிறுவியபோது, அந்நோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து கிடைத்திலது. தூய காற்றும் நல்லுணவும் ஓய்வுமே மருந்தாயின. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டபின் மருந்து முதலிடம் பெற்றது, அது முறையே. மனவமைதி மருந்துக்கு மாற்றாகாது. எனினும், ஓய்வின் பயனை முன்னோர் மதித்தது வீணன்று.

1991-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இங்கிலாந்தில் 394 பேருடைய மூக்கில் சளிநோய்க் கிருமிகளைத் துளியாக விட்டுப் பார்த்தனர். மனநெருக்கடி ஏற ஏறத் தொற்றும் ஏறியது. நெருக்கடியில் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிஸால் சிறுபொழுதிற்கு நன்மையே செய்யும். நாடோறும் நீடிப்பின், வெள்ளணுக்களின் செயலைக் குலைக்கும். இதற்கு எதிர்மறையும் உண்டு. 1988-இல் அமெரிக்காவில் 50 மாணவரைக் கொண்டு நடந்த சோதனையில், தம் துயரை நான்கு நாள் மனந்திறந்து எழுதியோர், அற்ப விஷயங்களை எழுதியோரினும் குறைவாகவே மருத்துவரை நாடினர். உள்ளத்து உணர்ச்சியை அறிந்து வெளியிடும் பழக்கம் உடலுக்கும் துணையென்பது இதனாற் போதரும்.

தாம்பரத்தில் 1984-இல் ஏற்றுமதித் தொழில் வளாகமும், தரமணியில் 2000-இல் டைடல் பார்க்கும் தோன்றின. அத்தகைய இடங்களில் இரவைப் பகலாக்கி உழைப்போருள் நம் பழைய மாணவரும் உளர். அவர்க்குப் பொறுமையைப் போதிக்கச் சொற்பொழிவாளரை அழைக்கும் முதலாளிமார், வேலை நேரத்தையும் சுமையையும் குறைக்க முன்வராராயின், அது வேரில் வெந்நீர் ஊற்றி இலையிற் பன்னீர் தெளிப்பதை ஒக்கும். உணர்ச்சியை ஆளும் திறன் தொழிலாளிக்கு வேண்டுவதே. ஆனால், அநியாயச் சுமையைத் தாங்கப் பழக்கும் கருவியாக அது ஆகலாகாது. மேலதிகாரிக்கே அத்திறன் முதற்கண் வேண்டும். அவர் கூறும் ஒரு கடுஞ்சொல் பலருடைய உறக்கத்தைக் கெடுக்குமன்றோ?

மாணவ நண்பர்களே! சோர்ந்திருக்கும் தோழனிடம் அருகமர்ந்து வினவும் பழக்கத்தை விடுதியிலேயே தொடங்குக. இன்று பிறர் துயரைக் கேட்கக் கற்காதவர், நாளை பிறர்க்கு வேலை வகுக்கும் இடத்தில் அமருங்கால் அதனைக் கற்பது அரிது.